மறு: பட்டினா: களிம்பா, மெருகா, வேறு ஏதாவதா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பழைய கைக்கடிகாரங்களைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன், மூன்றாம் வரியிலேயே 'பட்டினா' (patina: பழைய பொருளின் மேல் காலம் ஏற்றிவிடும் நிறமாற்றம்) வந்து வழிமறித்துவிட்டது, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டு எழுதியிருந்தேன். இத்தனை மடல்கள் வருமென்று எதிர்பார்க்கவில்லை. உங்கள் மடலை முன்வைத்தே எல்லோருக்கும் மறுமொழி சொல்லிவிடுகிறேன்.

> களிம்பு என்ற நல்ல சொல் கைவசம் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

செம்புக்கும் பித்தளைக்கும் களிம்பு சரிதான். வெண்கலக் கூட்டோடு வரும் கடிகாரங்களில் பச்சை படர்வதை நானும் களிம்பு என்றே எழுதப் போகிறேன். ஆனால் களிம்பு என்றதும் நம் கை புளியைத் தேடுகிறது. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்வதும் செம்பின் களிம்பைத்தான். போக்கியே ஆகவேண்டியது என்ற பொருள் அந்தச் சொல்லில் ஊறிக் கிடக்கிறது. கடிகாரம் சேகரிப்பவரோ போக்கக் கூடாத ஒன்றுக்காகவே கூடுதல் பணம் கொடுக்கிறார்.

அதைவிட, டயலில் நடப்பது வேறு வேலை. 1950, 60களின் கறுப்பு டயல்கள் சிலவற்றில் சாயமும் அதன்மேல் பூசிய அரக்கும் வெயிலின் புற ஊதாக் கதிருக்குத் தாங்காமல் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டன. முள்ளிலும் எண்களிலும் இருக்கும் ஒளிப்பூச்சின் கதை தனி. இருட்டில் ஒளிர்வதற்காக அதில் கதிரியக்கப் பொருள் கலப்பார்கள்: முதலில் ரேடியம், 1960களிலிருந்து பெரும்பாலும் ட்ரிட்டியம். ஆறு மணிக்குக் கீழே 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'டி' எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியம். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு, ஆகவே அது தானே அடங்கிவிடுகிறது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு. இருட்டில் அந்த டயல் ஒளிராமல் போனாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. அதை ஒளியாக மாற்றிக்கொண்டிருந்த துத்தநாக சல்பைடுதான் களைத்துப் போய்விட்டது. (தாத்தாவின் கடிகாரத்தைத் திறந்து பூச்சைச் சுரண்டிப் பார்க்கும் ஆசை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள்.) எதுவானாலும் வெள்ளைப் பூச்சு பாலாடை நிறமாகி, பிறகு பூசணிப்பழ நிறத்துக்குப் போகிறது. இதைக் களிம்பு என்றால் படிப்பவர் பச்சையைத் தேடிக்கொண்டிருப்பார்.

> முதுமெருகு?

அழகான சொல். எனக்கும் ஒரு நாள் முழுக்க அதன்மேல் மயக்கம் இருந்தது. ஆனால் இந்தச் சந்தையில் மெருகு என்பது குற்றம். பழைய எஃகுக் கூட்டை மெருகுச் சக்கரத்தில் காட்டினால் பட்டை மாட்டும் கொம்புகளின் கூர்மை மழுங்கிவிடும், விலையும் இறங்கிவிடும். 'மெருகு போடாதது' என்பதை விற்பவர் பெருமையாகச் சொல்வார். 'முதுமெருகு ஏறிய, மெருகு போடாத கடிகாரம்' என்று நான் எழுதினால் எனக்கே சிரிப்பு வரும்.

இந்தச் சொல்லுக்கு நான் இப்படி அலைவதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அப்பாவிடம் எச்.எம்.டி. ஜனதா ஒன்று இருந்தது. தினமும் காலையில் சாவி கொடுப்பார். வெள்ளை டயல் ஓரங்களில் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. அவர் போன பிறகு, எண்ணெய் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். "நன்றாகச் செய்து கொடுங்கள்" என்றேன். கடைக்காரரும் நன்றாகத்தான் செய்தார். டயலைச் சுரண்டிப் புதிதாக வண்ணம் பூசி, எழுத்துகளை மறுபடி அச்சிட்டு, கல்யாண மாப்பிள்ளை போல் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு அந்தப் பழுப்பு அழுக்கு. எனக்கு அது என்ன என்று சொல்லத் தெரியவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பழுப்பு என்று இப்போது எழுதினேன் அல்லவா, அங்கேதான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். பழுத்த இலையின் நிறம் பழுப்பு. காகிதமும் வேட்டியும் பழுப்பேறுவதாக நாம் ஏற்கெனவே சொல்கிறோம். ஆனால் பழுப்பு ஒரு நிறத்தின் பெயராக நின்றுவிட்டது. பாலாடையும் பூசணியும் அதற்குள் அடங்கா. எனவே என் முன்மொழிவு: பழுநிறம். ஊறுகாய் போல வினைத்தொகை. பழுத்த நிறம், பழுக்கின்ற நிறம், இனியும் பழுக்கப்போகும் நிறம். சங்கப் பாட்டில் பழுமரம் இருக்கிறது, ஆகவே ஆக்கமும் புதிதல்ல. கறுப்பு டயல் வெயிலில் காப்பி நிறமாவதை மட்டும் தனியே சொல்ல 'வெயிற்பழுப்பு'.

இதில் இன்னொரு லாபம். இந்தப் பழுநிறத்துக்கும் போலி உண்டு. டயலை அடுப்பில் வாட்டுகிறார்கள், பூச்சில் காப்பிச் சாயம் ஏற்றுகிறார்கள். இன்னொரு பக்கம் நிறுவனங்களே புதுக் கடிகாரத்தில் பாலாடை நிறப் பூச்சு வைத்து நேர்மையாகவே விற்கின்றன. வாழைத்தாரைப் புகை போட்டுப் பழுக்க வைப்பதை அறிந்த நமக்கு இதற்குச் சொல் தேடும் வேலையே இல்லை: 'புகைப்பழுப்பு'.

பணிவுடன்,
உங்கள் மாணவன்

———

தம்பி,

பழுநிறம் காதுக்கு இனிமை. ஆனால் பக்கத்திலேயே 'பழுது' நிற்கிறதே, கவனித்தீர்களா? வேகமாகப் படிப்பவர் 'பழுது நிறம்' என்றே படிப்பார். விலை உயர்ந்த பொருளுக்கு அது அமங்கலம் அல்லவா? மேலும் போலி என்றால் நிறத்தில் மட்டும்தானா? உறுப்புகளையே மாற்றிச் சேர்ப்பதற்கு என்ன சொல்வீர்கள்?

———

ஐயா,

பழுது பக்கத்தில் நிற்பதை நான் கவனிக்கவில்லை. இப்போது பார்த்தால் அது அங்கேயே நிற்கட்டும் என்று தோன்றுகிறது. பழுநிறம் பிறப்பால் பழுதுதான். 1990களின் நடுவில் வந்த ரோலெக்ஸ் டேடோனா 16520 வகைக் கடிகாரங்கள் சிலவற்றில் டயலின் மேற்பூச்சு சரியாகக் காக்காததால் மூன்று சிறு வட்டங்களைச் சுற்றிய வெள்ளி வளையங்கள் பழுப்பாகிவிட்டன. செய்முறைக் கோளாறு, வேறொன்றுமில்லை. பட்ரிஸ்ஸி என்ற ஏலக்காரர் அதைக் கவனித்துச் சொன்ன பிறகு அவர் பெயரிலேயே அந்த டயலை அழைக்கிறார்கள், மற்றதைவிடக் கூட்டியும் விற்கிறார்கள்.

உறுப்பு மாற்றிச் சேர்ப்பதற்கு 'ஒட்டுக் கடிகாரம்'. ஒட்டுமாங்கன்று நினைவில் எழுதினேன். 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில், 1957இல் அறிமுகமான ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1 வகைக் கடிகாரம் ஒன்று, வெயிற்பழுப்பு ஏறிய டயலோடு, 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. பல கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியது அது என்று ஒமேகாவே 2023இல் அறிவித்தது. பழுநிறத்தைப் பார்த்துத்தான் மனிதர்கள் மயங்கியிருக்கிறார்கள். சொல் இனிமையாக இருப்பதில் அந்த ஆபத்தும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

உங்களுக்கு மறுப்பில்லை என்றால் நான்கு சொற்களையும் இன்றிரவே விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றிவிடுகிறேன். பழுநிறத்துக்கு எடுத்துக்காட்டு வாக்கியமும் எழுதிவிட்டேன்: 'டயலின் பழுநிறத்தைத் தொடாமல் எண்ணெய் மட்டும் மாற்றிக் கொடுங்கள்.' அன்று அந்தக் கடைக்காரரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.