ரெம்பிராண்ட் வரைந்த அந்தக் கை சரியா, தப்பா?

கூர்கத்தி:
"மருத்துவ மாணவர்களை ஓவியங்களுக்கு முன்னால் உட்கார வையுங்கள், நோயாளியைக் கவனிக்கும் கண் தானாக வரும்" என்று வண்ணக்கோல் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. உதாரணத்துக்கு எதைக் காட்டினார் தெரியுமா? டாக்டர் டுல்ப் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்துகிறாரே, 1632ல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்தது, அந்தப் படத்தை! அதில் கையே தப்பு. விரலை மடக்கும் மேலடுக்குத் தசைகள் முழங்கையின் உள்பக்க எலும்புமுனையிலிருந்து கிளம்பும். முதல் வருடப் பையனுக்கும் தெரியும். இவர் வெளிப்பக்கத்திலிருந்து கிளப்பிவிட்டிருக்கிறார். இதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

வண்ணக்கோல்:
"தானாக வரும்" என்று நான் எழுதவே இல்லை. "உதவும்" என்றேன். யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய் ஓவியங்களை விவரிக்கச் சொன்னார்கள். முடிவு 2001ல் வெளிவந்தது. அந்தப் பயிற்சி எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட, நோயாளிகளின் புகைப்படங்களில் கூடுதல் விவரங்களைக் கண்டுபிடித்தார்கள். இதற்குப் பதில் சொல்லுங்கள் சார்.

கூர்கத்தி:
பதில் சொல்கிறேன். கை தப்பு.

பழைய ஏடு:
ரெம்பிராண்டுக்கு அப்போது 25 வயது, அவர் மருத்துவரும் இல்லை. அந்தக் காலத்தில் முதலில் வயிற்றைத்தான் அறுப்பார்கள், சீக்கிரம் அழுகுவது அதுதான். படத்தில் வயிறு அப்படியே இருக்கிறது, கை மட்டும் திறந்திருக்கிறது. அவர் அறுவைக்குறிப்பா எழுதினார்? டுல்ப் இடுக்கியால் தசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் இடது கை விரல்களை மடக்கிக் காட்டுகிறார், 'இது இழுத்தால் இது மடங்கும்' என்று. அந்த ஒரு அசைவுக்காகத்தான் முழுப் படமும்.

கூர்கத்தி:
மடங்காது. தசை வெளிப்பக்கத்தில் ஒட்டியிருந்தால் அப்படி மடங்கவே மடங்காது. 22 வருடமாகக் கையை அறுத்துத் தைத்துப் பிழைப்பவன் நான். 2006ல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் இறந்தவர் ஒருவரின் இடது முன்கையை அறுத்துப் படத்தோடு ஒப்பிட்டே பார்த்துவிட்டார்கள். வித்தியாசங்கள் இருந்தன. போதுமா?

பழைய ஏடு:
வித்தியாசங்கள் இருந்தன, சரி. படம் சரிதான் என்று வாதாடிய நிபுணர்களும் இருக்கிறார்களே? அவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? வேண்டியதை மட்டும் பொறுக்குவது உங்கள் வழக்கம். போன மாதம் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் மருத்துவத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போனவர் என்று அடித்துச் சொன்னீர்கள். 1816ல் உரிமம் வாங்கினார் என்று எடுத்துக் காட்டினேன். இன்றுவரை உங்களிடமிருந்து ஒரு 'சரி' வரவில்லை.

கூர்கத்தி:
அது அபோதிகரி உரிமம்! மருந்து கலக்கிக் கொடுப்பவருக்கானது. அதையும் வாங்கிவிட்டுக் கவிதை எழுதப் போய்விட்டார். நான் சொன்னதற்கு இதுவே சாட்சி.

பழைய ஏடு:
அந்தக் காலத்து அபோதிகரி நோயாளியைப் பார்த்து வைத்தியமும் செய்தார் ஐயா. கையை விட்டுவிட்டுக் காலத்தையும் கொஞ்சம் படியுங்கள்.

மூன்றாம் வருடம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் யார் என்று தேடினேன். பெயர் ஏரிஸ் கிண்ட். வழிப்பறிக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர். எங்கள் உடற்கூறு வகுப்பில் மேசையில் இருந்தவர்களுக்கு எண்தான் இருந்தது. ஒரு செமஸ்டர் முழுக்க ஒரே ஆளோடு இருந்தும் பெயர் கேட்கத் தோன்றவில்லை. இப்போதுதான் தோன்றுகிறது. இந்தப் பாடமெல்லாம் இதற்குத்தானோ?

கூர்கத்தி:
தம்பி, பேச்சைத் திசைதிருப்பாதீர்கள். பெயர் தெரிந்தால் தசை இடம் மாறிவிடுமா?

வண்ணக்கோல்:
தம்பி கேட்டதுதான் சார் இங்கே கேள்வி. ரீட்டா சாரோன், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர், இதற்கென்றே ஒரு துறையை வளர்த்திருக்கிறார். நோயாளி சொல்வதை ஒரு கதையைக் கேட்பதுபோல் கேட்பது. யார் சொல்கிறார், எதை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று...

கூர்கத்தி:
என் நோயாளி "டாக்டர், விரல் மடங்கவில்லை" என்பார். அறுந்த தசைநாரைச் சரியான முனையோடு தைத்தால் மடங்கும். கதை கேட்டுக்கொண்டிருந்தால் மடங்காது. ரெம்பிராண்டைப் பார்த்துத் தைத்தால் சுத்தமாக மடங்காது. நீங்கள் எத்தனை பேர் வந்தாலும் என் கேள்வி ஒன்றுதான்: தசை எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது?

வண்ணக்கோல்:
ஒன்று கவனித்தீர்களா? நேற்றிலிருந்து அந்தப் படத்தை எங்கள் எல்லோரையும்விட உற்றுப் பார்த்திருப்பது நீங்கள்தான். எலும்புமுனை வரை பார்த்திருக்கிறீர்கள். நான் சொன்னது அதைத்தான்.

கூர்கத்தி:
ஓ, கெட்டிக்காரத்தனம். தப்பைக் கண்டுபிடித்தது நான், பாராட்டு ஓவியத்துக்கா? 22 வருடம் அறுத்ததால் கண்ணில் பட்டது, அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் வாங்கியதால் இல்லை.

மூன்றாம் வருடம்:
படத்தில் டுல்ப்பைச் சுற்றி நிற்கும் ஏழு பேரில் சிலர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் திறந்து கிடக்கும் புத்தகத்தைப் பார்க்கிறார்கள்போல் இருக்கிறது.

பழைய ஏடு:
அட! அந்தக் கூட்டத்தில் கூர்கத்தி சார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிட்டது.

கூர்கத்தி:
கிண்டல் போதும். காலையில் எனக்கு இரண்டு ஆபரேஷன். முடித்துவிட்டு வந்து, படத்தில் அந்த எலும்புமுனைக்குச் சிவப்பு வட்டம் போட்டு ஏற்றுகிறேன். அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

பழைய ஏடு:
ஏற்றுங்கள். அப்படியே 1816க்கும் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.