ஏலத்தோட்ட ஜீப்பின் முன் சேசிஸில் துரு: தகடு வைத்து மூடலாமா, வெட்டி மாற்ற வேண்டுமா?

கேள்வி: வண்டன்மேட்டுத் தோட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 1996-இல் பதிவான மகிந்திரா ஜீப் ஒன்று இருக்கிறது. கம்பத்திலிருந்து உரமூட்டை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைச்சாலை ஏறுவது, மருந்து டிரம்மைக் காட்டுக்குள் இறக்குவது, பறிப்புக் காலத்தில் பச்சை ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டுவருவது என எல்லா வேலையையும் அந்த வண்டிதான் செய்கிறது. எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் குறை ஒன்றும் இல்லை. வண்டியைத் தாங்கும் இரண்டு நீளச் சட்டங்கள் கொண்ட அடிக்கூடான சேசிஸின் முன்பக்கத்தை நினைத்தால்தான் கவலையாக உள்ளது.

இடப்பக்கச் சட்டத்தின் முன்முனையில், லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் சாக்கிள் மாட்டும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கம் செதில் செதிலாக உரிந்து வருகிறது. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தபோது விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. ரேடியேட்டருக்குக் கீழே இரு சட்டங்களையும் குறுக்கே இணைக்கும் கிராஸ் மெம்பரும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கிறது. வண்டி எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே யாரோ அந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து வெல்டு செய்திருக்கிறார்கள். இப்போது அந்தத் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே துரு பொங்கி, தகடு வயிறு தள்ளி நிற்கிறது.

இங்குள்ள ஒரு பட்டறையில், இன்னொரு தகட்டை மேலே போட்டால் போதும் என்கிறார்கள். மலைக்குக் கீழே கேட்டால், பழைய இரும்புக் கடையில் வேறொரு சேசிஸ் வாங்கி முன்பாதியை மட்டும் வெட்டி ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நாளும் நெருங்குவதால், விவரம் அறிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: போடி பட்டறைக்காரர்

ஐயா, அந்த இரண்டு யோசனைகளையும் ஏற்க வேண்டாம் என்றே சொல்வேன். நீங்கள் குறிப்பிடும் இடம் மட்கார்டு போன்றதல்ல. முன் ஸ்பிரிங் வாங்கும் அடியில் பெரும் பங்கு சாக்கிள் வழியாக அங்கேதான் சட்டத்துக்குள் இறங்குகிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், துருவின் மேல் போட்ட தகட்டை அது நெம்பித் தள்ளிவிடுகிறது. உங்கள் பழைய தகடு வயிறு தள்ளியிருப்பதன் காரணம் இதுதான். புதிய தகட்டுக்கும் அந்தக் கதிதான் நேரும்.

பாதி சேசிஸை மாற்றுவதில் வேறு வகையான ஆபத்து இருக்கிறது. அந்த இரும்பு எந்த விபத்தில் வளைந்து கடைக்கு வந்தது என்பது யாருக்கும் தெரியாது. அத்துடன் சேசிஸ் எண் பொறித்த பகுதியை வெட்டினாலோ, வேறு எண் உள்ள துண்டைச் சேர்த்தாலோ பதிவு அலுவலகத்தில் வண்டியே சந்தேகத்துக்கு உள்ளாகும். எனவே எண் எந்த இடத்தில் உள்ளது என்று ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்த இடத்தில் கிரைண்டர் படாமல் துணி சுற்றி வைத்துவிட்டுத்தான் எந்த வேலையையும் தொடங்க வேண்டும்.

பம்பர், கிரில், ரேடியேட்டர், முன் மட்கார்டுகள் ஆகிய அனைத்தையும் கழற்றி இறக்குங்கள். கழற்றாமல் செய்தால் கூலி மிச்சம் என்று தோன்றும், ஆனால் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில்தான் துரு மிஞ்சும். பிறகு சிறு சுத்தியலை எடுத்துச் சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் ஓசை பொத்தென்று அடங்கி, உள்ளே செதில் உதிர்ந்து சரசரப்பது காதில் விழும். ஓசை மாறும் எல்லையைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, அதற்கும் அப்பால் இரண்டு அங்குலம் தள்ளி, வெள்ளை இரும்பு தெரியும் இடத்தில் வெட்ட வேண்டும்.

இடப்பக்கம் ஓட்டை விழுந்திருக்கிறது என்பதற்காக வலப்பக்கத்தை விட்டுவிடக் கூடாது. ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட்டுகள் அமர்ந்திருப்பது வலப்பக்கச் சட்டத்தில்தான். ஒருவர் ஸ்டீயரிங்கை இடவலமாக ஆட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் போல்ட்டைச் சுற்றியுள்ள இரும்பை டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பாக்ஸோடு சேர்ந்து சட்டமும் அசைந்தாலோ, போல்ட் துளையிலிருந்து மயிரிழைக் கீறல் ஓடியிருந்தாலோ, வேலை முடியும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். கம்பம்மெட்டு இறக்கத்தில் அது கையை விட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டுவதற்கு முன் வண்டியைச் சமதரையில் ஸ்டாண்டின் மேல் நிறுத்தி, இரு சட்டங்களின் துளைகளுக்கு இடையே மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு அளவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். எல் ஆங்கிள் ஒன்றைக் குறுக்கே டாக் (தற்காலிகச் சிறு வெல்டு) வைத்துக் கட்டிவிட்டால் சட்டம் விலகாது. புதுத் தகட்டின் கனத்தை, நல்ல இடத்தில் வெர்னியர் வைத்து அளந்து, அதற்கு ஈடாகவே எடுக்க வேண்டும். கனம் கூடினால் பலம் கூடும் என்று நம்மவர்கள் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கனத்தகடு முடியும் விளிம்பில் சுமை குவிந்து, பக்கத்திலுள்ள நல்ல இரும்பு கீறிவிடும். தகட்டின் மூலைகளை உருட்டி, வெல்டு கோடு சட்டத்துக்கு நேர் குறுக்காக வராமல் சாய்வாக வரும்படி வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவையுங்கள். மிக் வெல்டிங் இருந்தால் நல்லது. சாதாரண ஆர்க் வெல்டிங் என்றால், நன்றாக உலர்த்திய 7018 வகை வெல்டிங் ராடு போதும். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும் என்பதால், சிறு சிறு துண்டுகளாக இடம் மாற்றி மாற்றி வையுங்கள். பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றுவதையும், பிரேக் பைப்பை ஒதுக்கிக் கட்டுவதையும் மறக்க வேண்டாம்.

கிராஸ் மெம்பருக்கு ஒட்டே வேண்டாம்; பிரஸ் உள்ள பட்டறையில் அதே அளவில் புதிதாக மடித்து வாங்கிவிடுங்கள். விலை அதிகமாகாது.

பதில்: நெடுங்கண்டம் ஆசிரியர்

பட்டறை அண்ணன் சொன்ன முறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் துரு ஏன் முன்பக்கத்தில் மட்டும் இவ்வளவு வேகமாகத் தின்றது என்பதையும் பார்க்க வேண்டும். மருந்து டிரம்மை எங்கே வைத்து ஏற்றுகிறீர்கள்?

பதில்: வண்டன்மேட்டுத் தோட்டக்காரர்

முன் பம்பரின் மேல் ஆங்கிளில் ஒரு தட்டு அடித்திருக்கிறோம். ஸ்பிரேயரும் டிரம்மும் அதன் மேல்தான் இருக்கும். அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை அடிக்கும் நாட்களில் கொஞ்சம் தளும்பி வழிவது உண்டு.

பதில்: நெடுங்கண்டம் ஆசிரியர்

அப்படியானால் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. ஒரு சதவீதப் போர்டோ கலவைக்கு ஒரு கிலோ துரிசு (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர் என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்ததே. சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க, தீட்டிய அரிவாளின் நுனியைக் கலவையில் சற்று நேரம் நனைத்து எடுப்போம். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று பொருள். அந்த நுனியில் நடப்பதுதான் உங்கள் சேசிஸிலும் நடக்கிறது. துரிசில் உள்ள செம்பு இரும்பின் மேல் படிய, அதற்கு ஈடாக இரும்பு கரைந்து வெளியேறுகிறது. படிந்த செம்புப் புள்ளிகள், ஈரம் இருக்கும்வரை தம்மைச் சுற்றியுள்ள இரும்பை மேலும் அரிக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு சேர்க்காத துரிசுக் கரைசல் சிந்தினால் பாதிப்பு இன்னும் கடுமையாகும். பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடும் உப்பைப் போலவே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஆகையால் வெல்டு முடிந்ததும் நேராகப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். குழிகளுக்குள் தங்கிய உப்பு போகும்படி நல்ல தண்ணீரால் பலமுறை பீய்ச்சிக் கழுவி, முழுவதும் காயவிட்டு, மீண்டும் வயர் பிரஷ் போட்ட பிறகே பிரைமர் பூச வேண்டும். டிரம் தட்டைப் பின்பக்கம் மாற்றுவது இயலுமானால் அதையும் செய்துவிடுங்கள்.

பதில்: வண்டிப்பெரியாறு வாசகர்

நானும் இதே போன்றதொரு வண்டி வைத்திருக்கிறேன். சட்டத்தின் உள்பக்கத்துக்குப் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றினால் போதும் என்று எங்கள் பக்கம் சொல்கிறார்கள். அது சரிதானா, அண்ணன்?

பதில்: போடி பட்டறைக்காரர்

வேண்டாம் தம்பி. அது சாக்கிளின் ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும். மழைத் தண்ணீரோடு வழிந்து தோட்டத்து மண்ணிலும் ஓடையிலும் சேரும். உள்பக்கத்துக்கென்றே மெழுகுத் திரவம் விற்கிறார்கள். நீளக் குழாயை உள்ளே விட்டு, பின்னாலிருந்து முன்னால் இழுத்துக்கொண்டே பீய்ச்ச வேண்டும். வெளிப்பக்கத்துக்கு எபாக்சி பிரைமர் இரண்டு கை, அதன் மேல் பெயின்ட். ரெட் ஆக்சைடை மட்டும் பூசிவிட்டு நிறுத்தினால், அது ஈரத்தை உள்ளே விட்டுவிடும். தார்ப் பூச்சை துருவின் மேல் அடிப்பதோ அதைவிடக் கெடுதல், ஏனென்றால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியே இராது.

வண்டன்மேட்டு ஐயாவுக்கு இன்னும் ஒன்று. சட்டத்தின் தாழ்வான இடத்தில் தண்ணீர் வடியும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சேறு அடைத்துக் கல்லாகியிருக்கும். புதுத் தகடு போடும் இடத்தில் துளை மறைந்துவிட்டால், பிரைமர் அடிப்பதற்கு முன்பே 10 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, அதன் விளிம்புக்கும் பூச்சுக் கொடுத்துவிடுங்கள். ஜூன் மழை பிடிப்பதற்குள் வேலையை முடித்துவிட்டால், காய்வதற்கு வெயில் கிடைக்கும்.