போகலாமா, இன்னொரு வருஷம் இருக்கலாமா? காலேஜ் பாஸ்கெட்பால் ஆட்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவங்க எழுதுங்க

வபாஷ் கரை:

நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்.

2023 மே 31, புதன்கிழமை. லேபில் ஒரு சிமுலேஷன் ஓடிக்கிட்டிருந்தது. அதைப் பார்க்காமல் ஃபோனையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஸாக் ஈடி என்பிஏ டிராஃப்டில் (தொழில்முறை டீம்கள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற ஏலம் மாதிரி) கொடுத்திருந்த பேரை அன்னைக்கு ராத்திரி 11:59க்குள்ள வாபஸ் வாங்கணும். வாங்கினால் இன்னொரு வருஷம் எங்க பர்டூ யுனிவர்சிட்டிக்கு ஆடலாம். வாங்கலைன்னா அவ்வளவுதான், திரும்பி வர வழியில்லை. வருகிறான்னு செய்தி வந்ததும் சந்தோஷத்தில் வீட்டு வாட்ஸாப் குரூப்பில் "ஈடி திரும்ப வருது!"ன்னு போட்டுட்டேன். கரூரில் ஜவுளி வியாபாரம் பண்ணுற அப்பா ஒரே நிமிஷத்தில் கேட்டார்: "யார் வீட்டுக்குடா?"

தெரியாதவங்களுக்கு: ஈடி டொராண்டோ பையன். உயரம் 7 அடி 4 அங்குலம். சின்ன வயசில் ஆடினதெல்லாம் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும். பாஸ்கெட்பாலுக்கு வந்ததே பத்தாம் வகுப்பு வாக்கில்தான். 2020இல் பர்டூவில் சேர்ந்தான். நான் பர்டூ இருக்கிற வெஸ்ட் லாஃபயட்டுக்கு வந்து அப்போ ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரே ஒரு தடவை, ஜனவரி குளிரில், கேம்பஸில் நடந்து போனதைப் பார்த்தேன். முதுகில் சாதாரண பேக்பேக்தான், ஆனால் அவன் முதுகில் அது எல்கேஜி பிள்ளையோட சாப்பாட்டுப் பை மாதிரி இருந்தது. பேசலை. என்னத்தைப் பேசுறது.

2022-23 சீசனில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 22 பாயிண்ட், 13 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்புற பந்தைப் பிடிக்கிறது). நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரன்னு விருதுகளையெல்லாம் அள்ளினான். பர்டூ ஆடுற மேக்கி அரீனாவில் ஸ்டூடண்ட் பக்கம் யாரும் உட்காரவே மாட்டாங்க. அவன் கைக்குப் பந்து போனாலே பதினாலாயிரம் பேரும் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்கும். அந்த டீம்தான் மார்ச்சில், நாடு முழுக்கக் காலேஜ் டீம்கள் மோதுற நாக்அவுட் போட்டியில், 1ஆம் ரேங்க்கா இறங்கி, முதல் ரவுண்டிலேயே, தன் பிரிவில் கடைசியான 16ஆம் ரேங்க் டீம்கிட்ட தோத்தது. (ஆட்டம் நடந்த கொலம்பஸில் இருக்கிறவங்க யாராவது எழுதுங்க, எனக்கு அதைத் திரும்ப எழுத மனசில்லை.)

இப்போ விஷயத்துக்கு வரேன். 2021 ஜூலையில் இருந்து காலேஜ் ஆட்டக்காரங்க தங்களோட பேர், படம், முகம் இதையெல்லாம் வச்சு விளம்பரத்தில் சம்பாதிக்கலாம்னு ஆகிடுச்சு. அதே டீமில் இருந்த அமெரிக்கப் பசங்க கார் கடை, சாப்பாட்டுக் கடைன்னு ஒப்பந்தம் போடலாம். நாட்டிலேயே பெரிய ஆளான ஈடி அப்படிப் போட முடியாது. ஏன்? அவன் கனடாக்காரன். கனடாக்காரங்களுக்குப் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வேண்டாம், ஆனால் படிக்க வந்தால் ஐ-20 (யுனிவர்சிட்டி கொடுக்கிற சேர்க்கைக் காகிதம்) உண்டு, எஃப்-1 மாணவர் ஸ்டேட்டஸ் உண்டு. நம்ம கையில் இருந்த அதே காகிதம். கேம்பஸுக்குள்ள வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், வெளியே அனுமதி இல்லாமல் வேலை பார்த்து ஒரு டாலர் சம்பாதிக்கக் கூடாது.

என் ரூம்மேட் நல்லா மிருதங்கம் வாசிப்பான். அதே வருஷம் சிகாகோவில் ஒரு அரங்கேற்றத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டாங்க. 300 டாலர் தரேன்னாங்க. பையன் ரெண்டு நாள் தூங்கலை. அப்புறம் "வாசிக்கிறேன், காசு வேண்டாம்"னுட்டான். வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, தட்டில் வெத்தலை பாக்கோட ஒரு வேட்டி வச்சுக் கொடுத்தாங்க. ஐ-65 ஹைவேயில் திரும்பி வரும்போது சொன்னான்: "மச்சி, ஈடிக்கு வேட்டி கூடக் கிடையாதுல்ல?"

அதுக்கப்புறம்தான் அவன் முடிவை வேற கண்ணால் பார்க்க ஆரம்பிச்சேன். டிவியில் பேசுறவங்க "காலேஜ் மேல பாசமா, காசா"ன்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. அப்படி ஒரு கேள்வியே அவனுக்கு இல்லை. டிராஃப்டில் ரெண்டாவது ரவுண்டில் போவான்னு கணிப்பு. முதல் ரவுண்டில் எடுத்தால் சம்பளத்துக்கு உத்தரவாதம் உண்டு. ரெண்டாவது ரவுண்டில் அது கிடையாது, டீமா பார்த்துக் கொடுத்தால் உண்டு. இந்தப் பக்கம் இருந்தால் விளம்பரக் காசும் பெரிசா வராது, ஊர் முழுக்க "பதினாறுகிட்ட தோத்தவன்"னு சொல்லும். ரெண்டு பக்கமும் அடி. அதில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, கடைசி நாளில் சொன்னான்.

எனக்கும் அந்த மே மாசம் ஒரு முடிவு இருந்தது. எம்எஸ்ஸோட கிளம்பி வேலைக்குப் போறதா, கைடு தரேன்னு சொன்ன இன்னொரு வருஷ ஃபண்டிங்கை நம்பி பிஎச்டியை முடிக்கிறதா. எனக்கு 11:59 கெடு எல்லாம் யாரும் வைக்கலை. வச்சிருந்தால் நல்லா இருந்திருக்கும், ஆகஸ்ட் வரைக்கும் இழுத்தேன்.

கொலம்பஸ் கார்த்தி:

கூப்பிட்டீங்க, வந்துட்டேன். 2023 மார்ச் 17, வெள்ளிக்கிழமை ராத்திரி, நேஷன்வைட் அரீனாவில் மேல் வரிசையில் நான் இருந்தேன். ஆபீஸ் நண்பர் ஒருத்தர் டிக்கெட் இருக்குன்னார். பர்டூ யாரு, எதிரில் யாருன்னு கூடப் பார்க்காமல்தான் போனேன்.

எதிரில் ஃபேர்லி டிக்கின்சன். காலேஜ் ஆட்டத்தோட முதல் டிவிஷனிலேயே உயரம் குறைஞ்ச டீம். ஈடி நடுவில் நின்னால், முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன், பந்து வர்ற வழியில் இன்னொருத்தன். தேரைச் சுத்திச் சின்னப் பசங்க ஓடுற மாதிரி இருந்தது. அவன் 21 பாயிண்ட் எடுத்தான், 15 ரீபவுண்ட் எடுத்தான். தப்பு அவன்கிட்ட இல்லைங்க. வெளியில் இருந்து மத்தவங்க போட்டது பெரும்பாலும் விழலை. கடைசியில் ஷான் மூர்னு ஒரு பையன், எங்க கொலம்பஸ் பையன், ஒரு மூணு பாயிண்டர் போட்டான். சம்பந்தமே இல்லாத நான் எழுந்து நின்னு கத்தினேன். 63-58. ஆண்கள் போட்டியில் 16 போய் 1ஐத் தோற்கடிச்சது அதுக்கு முன்னாடி ஒரே தடவை, 2018இல்.

வெளியே வந்தப்போ பார்க்கிங்கில் பர்டூ ஸ்வெட்டர் போட்ட ஒரு பெரியவரும் அவர் மனைவியும் காரில் உட்கார்ந்திருந்தாங்க. என்ஜின் ஓடுது, வண்டி நகரலை. எங்க காருக்கு வழி மறிச்சு நின்னது. நண்பர் ஹாரன் அடிக்கப் போனார், நான் கையைப் பிடிச்சுட்டேன். ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் அந்தம்மா இறங்கி டிரைவர் சீட்டுக்கு வந்தாங்க.

அந்த ராத்திரிக்கு அப்புறமும் ஒருத்தன் திரும்பி வருவான்னு நான் நினைக்கவே இல்லை.

கோரல்வில் உமா:

எங்க வீட்டுக் கதை நேர் எதிர். இங்க ஐயோவாவில் எல்லாரும் "இருப்பா"ன்னு நம்பிக்கிட்டிருந்தோம். அவ போயிட்டா.

ஐயோவா யுனிவர்சிட்டி பெண்கள் டீமில் ஆடின கெய்ட்லின் கிளார்க்கைச் சொல்றேன். கோவிட் சீசனில் ஆடினவங்களுக்கு ஒரு வருஷம் கூடுதலாக் கொடுத்திருந்தாங்க. அதனால் நாலு வருஷம் முடிஞ்சாலும் அஞ்சாவது வருஷம் இருக்கலாம். 2023 அக்டோபர் 15, கின்னிக் ஃபுட்பால் ஸ்டேடியத்தில், திறந்த வெளியில் தரை போட்டு ஒரு ஆட்டம் வச்சாங்க. வந்த கூட்டம் 55,646. அதில் ரெண்டு பேர் நானும் என் பொண்ணும். அவளுக்கு அப்போ பதினொரு வயசு. குளிர், காத்து வேற. ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி கொண்டு போயிருந்தேன், பக்கத்து சீட் பாட்டிக்கும் மூடியில் ஊத்திக் கொடுத்தேன். "இட்ஸ் ஸ்பைஸி"ன்னு சொல்லிட்டு முழுசாக் குடிச்சாங்க. அந்தப் பாட்டி ஐயோவா பெண்கள் ஆட்டத்துக்குப் பல வருஷமா வர்றவங்களாம், பக்கத்தில் ஆளே இல்லாமல் காலைப் பக்கத்து சீட்டில் நீட்டிக்கிட்டுப் பார்த்த காலமெல்லாம் சொன்னாங்க. அந்தக் காத்திலும் கிளார்க் 34 பாயிண்ட் எடுத்தா. முடிஞ்சதும் கம்பி ஓரம் பிள்ளைங்க கூட்டம். என் பொண்ணு தொப்பியை நீட்டினா, கை எட்டலை.

2024 பிப்ரவரி 29, வியாழக்கிழமை அறிவிப்பு வந்தது. டிராஃப்டுக்குப் போறேன்னு. ஸ்கூல் விட்டு வந்தவ பையைக் கூடக் கழட்டலை. "இன்னும் ஒரு வருஷம் இருக்குல்லம்மா, அப்புறம் ஏன்?" நானும் எனக்குத் தெரிஞ்ச கணக்கைச் சொன்னேன். டபிள்யூஎன்பிஏவில் (பெண்களோட தொழில்முறை லீக்) முதல் வருஷச் சம்பளமே 76,535 டாலர்தான், காலேஜில் இருக்கும்போதே அவளுக்கு நைக்கி, ஸ்டேட் ஃபார்ம் விளம்பரமெல்லாம் இருக்கு, காசுக்காகப் போறதா இருந்தால் அவசரப்பட வேண்டிய அவசியமே இல்லைன்னு. "அப்போ எதுக்காக?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. அவங்க அப்பாதான் தோசையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே சொன்னார்: "உன்னை அஞ்சாங்கிளாஸ்லயே இன்னொரு வருஷம் உட்காரச் சொன்னா உட்காருவியா?" அழுகை நின்னுடுச்சு. அஞ்சாங்கிளாஸ் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

மூணு நாள் கழிச்சு, ஞாயிற்றுக்கிழமை, ஒஹையோ ஸ்டேட்டோட ஆட்டம். காலேஜ் ஆட்டத்தில் பீட் மராவிச் வச்சிருந்த 3,667 பாயிண்ட் சாதனையை ஒரு ஃப்ரீ த்ரோவில் தாண்டினா. டிக்கெட் விலை கேட்டுத் தலை சுத்தினதால் வீட்டில் டிவியில்தான் பார்த்தோம். அந்தத் தொப்பி கையெழுத்து இல்லாமலே இன்னும் ஆணியில் தொங்குது.

வபாஷ் கரை, உங்க ரூம்மேட் கதைக்கு ஒண்ணு சேர்த்துக்கோங்க தம்பி. கென்டக்கியில் ஆடின ஆஸ்கர் ஷிப்வேவும் வெளிநாட்டுப் பையன்தான், காங்கோ. 2022 ஆகஸ்டில் டீமே பஹாமாஸ் போனப்போ, அமெரிக்க மண்ணில் இல்லைங்கிறதால் அங்க வச்சு விளம்பர வேலையெல்லாம் முடிச்சானாம். அவனும் அந்த வருஷம் சிறந்த ஆட்டக்காரன் விருது வாங்கிட்டு டிராஃப்டுக்குப் போகாமல் இருந்தவன்தான்.

டெட்ராய்ட் செந்தில்:

2024 மார்ச் 31, டென்னஸி ஆட்டம், நான் நேரில். ஈடி 40 பாயிண்ட், 16 ரீபவுண்ட். எதிரில் டால்டன் நெக்ட் தனி ஆளா 37. கடைசியில் நெக்ட் உள்ளே பாய்ஞ்சு போட வந்ததை ஈடி தட்டி விட்டான் பாருங்க, அதோட முடிஞ்சது. திரும்பி வந்ததுக்கு அந்த ஒரு தட்டு போதும். 1980க்கு அப்புறம் பர்டூ ஃபைனல் ஃபோர் (கடைசி நாலு டீம்) போனது அன்னைக்குத்தான்.

பேர் வேண்டாம்:

எல்லாரும் நட்சத்திரங்களையே எழுதுறீங்க. நான் ஒரு நடுத்தர யுனிவர்சிட்டியில், அத்லெட்ஸுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டியூஷன் எடுத்தேன். வாரத்துக்கு ரெண்டு நாள், மணிக்கணக்கில் சம்பளம். அங்க ஒரு பையன். நாலாவது வருஷம். டீம் ஜெயிக்கிறது உறுதியானப்புறம் கடைசி ரெண்டு நிமிஷம் இறங்குவான், சில நாள் அதுவும் இல்லை. இன்னும் ஒரு வருஷம் ஆடத் தகுதி பாக்கி இருந்தது.

முட்டியில் ஐஸ் பையை வச்சு, சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுத்திக்கிட்டு வருவான். ஒரு மணி நேரத்தில் அது உருகி, மேஜைக்கு அடியில் கார்ப்பெட்டில் ஒரு வட்டமா ஈரம். நான் ஷூவைத் தள்ளி வச்சுக்குவேன்.

அவன்கிட்ட "திரும்ப வருவியா"ன்னு எந்த நிருபரும் கேட்கலை. கோச் கூப்பிட்டு, அந்த ஸ்காலர்ஷிப் வேற ஒருத்தனுக்குத் தேவைப்படுதுன்னு மரியாதையாச் சொல்லியிருக்கார். இருக்கணும்னா சொந்தக் காசில் இரு, இல்லைன்னா டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (காலேஜ் மாற நினைக்கிற ஆட்டக்காரங்க பட்டியல்) பேரைப் போடு. பேரைப் போட்டான். அதுக்கப்புறம் டியூஷன் நேரம் முழுக்க ஃபோன் மேஜை மேல மல்லாக்கக் கிடக்கும். நான் பைனாமியல் டிஸ்ட்ரிபியூஷன் நடத்தினப்போ கேட்டான்: ஒரு காலேஜ் என்னைக் கூப்பிட நூத்துக்கு அஞ்சு வாய்ப்புன்னு வச்சுக்கோங்க, முப்பது காலேஜ் பார்த்தால்? போர்டில் போட்டுக் காட்டினேன். ஒண்ணாவது கூப்பிடும் வாய்ப்பு நூத்துக்கு 78க்கு மேல வரும். முகம் அப்படி மலர்ந்தது. ஒவ்வொரு காலேஜோட முடிவும் தனித்தனின்னு வச்சுக்கிட்டாத்தான் அந்தக் கணக்கு செல்லும்னு சொல்ல எனக்கு மனசு வரலை. அதைச் சொல்லாதது சரியா தப்பான்னு இன்னும் யோசிக்கிறேன்.

கடைசி வகுப்புக்கு வந்தப்போ முட்டியில் ஐஸ் இல்லை. நானும் கேட்கலை. பரீட்சையில் பி பிளஸ் வாங்கினான்.

வபாஷ் கரை:

பேர் வேண்டாம் அண்ணே, அந்த ஈரம் கண்ணு முன்னாடியே நிக்குது.

என் கதையில் பாக்கியை எழுதிடறேன். 2024 ஏப்ரல் 8, திங்கள்கிழமை. ஞாபகம் இருக்கா, அன்னைக்குத்தான் முழுச் சூரிய கிரகணம். வெஸ்ட் லாஃபயட்டில் முழுசாத் தெரியாது, மயிரிழையில் போச்சு. இண்டியானாபொலிஸில் தெரியும்னு ரூம்மேட்டும் நானும் காலையிலேயே கிளம்பினோம். மூணு மணிக்கு மேல நிஜமாவே இருட்டினது, பறவையெல்லாம் அடங்கினது. கிரகணத்தில் சாப்பிடக் கூடாதுன்னு அம்மா ஃபோன் மேல ஃபோன். திரும்பும்போது ஐ-65 முழுக்க வண்டி. ஒரு மணி நேர வழிக்கு நாலு மணி நேரம் ஆச்சு. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள எப்படியோ ஊர் வந்து சேர்ந்துட்டோம்.

1969க்கு அப்புறம் பர்டூவுக்கு முதல் ஃபைனல். யூகான் (கனெக்டிகட் யுனிவர்சிட்டி) 75, நாங்க 60. அந்த 60இல் ஈடி மட்டும் 37. தோத்தும் அன்னைக்கு யாரும் அவனைக் குறை சொல்லலை. ஆண்களில் ரால்ஃப் சாம்ப்ஸனுக்கு அப்புறம் தொடர்ந்து ரெண்டு வருஷம் சிறந்த ஆட்டக்காரன் விருது வாங்கினதும் இவன்தான். ஜூனில் டிராஃப்டில் முதல் ரவுண்டிலேயே, ஒன்பதாவது ஆளா, மெம்ஃபிஸ் எடுத்துக்கிச்சு. அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். "ஈடி மெம்ஃபிஸ் போயிடுச்சா, நல்லது"ன்னு பதில் போட்டார்.

நான் பிஎச்டியை முடிச்சுட்டேன். ரூம்மேட் இப்போ எச்-1பி வேலை விசாவில் இருக்கான். அதிலேயும் ஸ்பான்ஸர் பண்ணின கம்பெனி தவிர வேற யார்கிட்டயும் வேலைக்குக் காசு வாங்க முடியாது. போன மாசம் மறுபடி ஒரு அரங்கேற்றம். அலமாரியில் இப்போ ஒன்பது வேட்டி இருக்கு.