சஹர் முடிய ஆறு நிமிடம்

குழு: வீட்டு ஜெபம்
26 பிப்ரவரி 2026, வியாழன்

சித்தி (காலை 7:52)
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். யாரும் பயப்பட வேண்டாம். இவர் ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நெற்றியோரம் கிழிந்து ஏழு தையல். ஸ்கேன் எடுத்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம். தூங்குகிறார்.

அம்மா (7:53)
ஐயோ ஆண்டவரே. எத்தனை மணிக்கு? ஏன் எனக்கு போன் பண்ணவில்லை? தனியாகவா கூட்டிக்கொண்டு போனாய்?

சித்தி (7:55)
நாலு மணி இருக்கும் அக்கா. எதிர் வீட்டு பாய்தான் வண்டி எடுத்தார்.

மாமா (7:56)
எந்த பாய்? அவர்களோடு உனக்குப் பழக்கமே இல்லை என்றாயே.

சித்தி (8:11)
பழக்கம் இல்லைதான் அண்ணா. குடிவந்து எட்டு மாதம் ஆகிறது, லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. அவர் மனைவி இரண்டு தடவை கதவைத் தட்டி, “வெளியே போகிறோம் அக்கா, ஏதாவது வாங்கிவர வேண்டுமா” என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாதிதான் கதவைத் திறந்தேன் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

சித்தி (8:24)
நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவைத் திறந்தால் எதிர் வீட்டில் விளக்கு எரிகிறது. ரமலான் நோன்பு, விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு எழுந்திருக்கிறார்கள். நான் மணி அடிக்கவில்லை, என் சத்தத்தைக் கேட்டே இரண்டு பேரும் ஓடிவந்துவிட்டார்கள். அந்தப் பெண் ஒரு துண்டை மடித்து இவர் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, முதலில் செருப்பைப் போடுங்கள்” என்றாள். அப்போதுதான் பார்த்தேன், வெறுங்காலோடு ஈரத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.

உள்ளே தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே பாய் போனை எடுத்து நேரம் பார்த்தார். சஹர் முடிய ஆறு நிமிடம் இருந்தது. சாப்பாட்டைத் தொடக்கூட நேரமில்லாமல் கிளம்பி வந்தவர். வராந்தாவில் தண்ணீர் பிடிக்கும் இயந்திரம் இருந்தது, காகிதக் கோப்பை தீர்ந்துபோயிருந்தது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தி மூன்று தடவை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ சொன்னார். அவ்வளவுதான் அவருடைய சஹர். இனி சூரியன் மறைகிறவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. “நீங்கள் வீட்டுக்குப் போங்கள்” என்று எத்தனையோ தடவை சொன்னேன். “தையல் முடியட்டும்மா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மா (8:27)
படிக்கும்போதே அழுகை வருகிறது. அந்த வீட்டை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

தம்பி (8:30)
சித்தி, சித்தப்பா எழுந்ததும் சொல்லுங்கள், வீடியோ காலில் வருகிறேன். அந்த பாயிடம் எங்கள் எல்லாருடைய நன்றியையும் சொல்லுங்கள்.

மாமா (8:41)
உதவி செய்தது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. இருந்தாலும் ஜாக்கிரதையாக இருப்பது நமக்கு நல்லது. கீழே அனுப்பியிருப்பதை எல்லாரும் படியுங்கள்.

மாமா (8:41)
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான் (8:49)
மாமா, நீங்கள் நீக்குவதற்கு முன்னால் படித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும், ஒன்று கேட்கிறேன். அதில் ஊர் பெயர் இல்லை, தேதி இல்லை, யார் எழுதினார்கள் என்றும் இல்லை. பலமுறை கைமாறி வந்தது என்று மேலேயே போட்டிருந்தது. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்று எனக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். உண்மையா பொய்யா என்று தெரியாத ஒன்றை ஒரு சமூகத்தின் மேலேயே போட்டு அனுப்பினால் அதுவும் சாட்சி சொல்வதுதானே?

மாமா (9:20)
அதனால்தான் நீக்கினேன். அனுப்பிவிட்டு மறுபடி படித்தேன். அவர் கையில் ஏந்தித் தண்ணீர் குடித்த அந்த விஷயத்துக்குக் கீழே அது நின்றுகொண்டிருப்பதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. இதே செய்தியை இன்னும் இரண்டு குழுவில் போன வாரம் போட்டிருக்கிறேன். அங்கேயும் தவறு என்று எழுதிவிடுகிறேன்.

அம்மா (9:22)
நல்லது அண்ணா.

27 பிப்ரவரி 2026, வெள்ளி

சித்தி (காலை 10:05)
இவர் நன்றாக இருக்கிறார், கஞ்சி குடித்தார். ஒரு யோசனை கேட்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் அவர்களை நோன்பு திறக்க நம் வீட்டுக்கு அழைக்கலாம் என்று நினைக்கிறேன். அழைக்கலாமா? நம் விசுவாசத்துக்கு அது சரியா? அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தான், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தம்பி (10:09)
இந்த வருடம் அழகாகப் பொருந்துகிறது சித்தி. நம் லெந்து தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் பிப்ரவரி 18. ரமலான் நோன்பும் அதே நாளையொட்டித்தான் தொடங்கியது. அவர்களுடையது பிறைக் கணக்கு, அதனால் வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். முழுச் சுற்றுச் சுற்றி வர 33 வருடம் போல ஆகும். 2030ல் ஜனவரியில் ஒரு ரமலான், டிசம்பரில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு இன்னொரு ரமலான். இப்போது நீங்களும் லெந்தில் இருக்கிறீர்கள், அவர்களும் நோன்பில் இருக்கிறார்கள்.

பெரியப்பா (11:32)
தாராளமாக அழையுங்கள். விசுவாசத்துக்குச் சரியா என்று கேட்டதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல சமாரியன் உவமையை நாம் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் வாசிக்கிறோம். உதவி செய்கிறவன் நாம், அடிபட்டுக் கிடக்கிறவன் யாரோ. லூக்கா 10ஐ மறுபடி எடுத்துப் பாருங்கள். “எனக்குப் பிறன் யார்” என்று கேள்வி கேட்டவன் யூத நியாயசாஸ்திரி. அவன் ஜனங்கள் சமாரியரோடு சம்பந்தம் கலவாதவர்கள். இயேசு உதவி செய்கிறவனாகச் சமாரியனை வைத்துவிட்டு, “கள்ளர் கையில் அகப்பட்டவனுக்கு யார் பிறனாயிருந்தான்” என்று அவனிடமே திருப்பிக் கேட்கிறார். அவன் தன்னை அடிபட்டவனுடைய இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும். சமாரியன் என்ற பெயரைக்கூட அவன் வாயால் சொல்லவில்லை, இரக்கம் செய்தவன் என்று மட்டும் சொன்னான். முப்பது வருடம் இதைப் பிரசங்கித்திருக்கிறேன். நேற்று நீ எழுதியதைப் படித்தபோதுதான் அடிபட்டவனுடைய வீட்டிலிருந்து இதைக் கேட்டேன்.

அப்புறம் சரித்திரம். முகமது நபியைப் பின்பற்றிய முதல் தலைமுறையினர் மக்காவில் துன்புறுத்தப்பட்டபோது, 615ஆம் ஆண்டுவாக்கில் ஒரு கூட்டம் செங்கடலைத் தாண்டி அபிசீனியாவுக்கு, இன்றைய எத்தியோப்பியா பக்கம், போனது. அங்கே ஆட்சி செய்தவர் கிறிஸ்தவ அரசர் நஜ்ஜாஷி. இவர்களைப் பிடித்துக்கொடுங்கள் என்று மக்காவின் குறைஷி குலத்தார் பரிசுகளோடு தூதர்களை அனுப்பினார்கள். அரசர் அகதிகளைக் கூப்பிட்டு விசாரித்தார். அகதிகளில் ஒருவரான ஜஃபர் இப்னு அபீதாலிப் குர்ஆனிலிருந்து மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டினார், அரசர் கண்ணீர் விட்டார், அவர்களை ஒப்படைக்க மறுத்துவிட்டார் என்று முஸ்லிம்களின் பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. முஸ்லிம் வீடுகளில் இந்தச் சம்பவத்தை இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். நம் வீடுகளில்தான் யாருக்கும் தெரியவில்லை.

மாமா (11:50)
எனக்குத் தெரியாது அத்தான். மர்யம் என்றால் நம் மரியாளா?

பெரியப்பா (11:58)
ஆமாம், இயேசுவின் தாய்தான். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர். 19ஆம் அத்தியாயத்துக்கே அவர் பெயர். ஈசா என்று இயேசுவின் பெயர் இருபத்தைந்து இடத்தில் வருகிறது. இயேசுவுக்கு மஸீஹ், அதாவது மேசியா, என்ற பட்டமும் உண்டு. ஆனால் தேவகுமாரன் என்பதை அவர்கள் ஏற்பதில்லை. சிலுவை மரணத்தையும் ஏற்பதில்லை. அது சின்ன வித்தியாசம் இல்லை, நாமும் சின்னதாக்கக் கூடாது. 2007 அக்டோபரில் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு, இந்த இரண்டும் இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கிறது, இதிலிருந்து பேசத் தொடங்குவோம் என்பதுதான் அதன் சாரம். வித்தியாசத்தை அதில் மறைக்கவில்லை.

நான் (12:15)
சித்தி, என் கூட வேலை பார்க்கிற தோழி முஸ்லிம். அவளிடம் கேட்டதைச் சொல்கிறேன். இறைச்சி வேண்டாம். பன்றி இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும், நமக்கு அது தெரியாது. காய்கறியில் செய்துவிடுங்கள். கேக்கில் மதுவில் ஊறிய பழம் இருந்தால் அதைக் கொடுக்காதீர்கள். ஜெல்லி மாதிரியானவற்றில் போடும் ஜெலட்டினும் எதிலிருந்து எடுத்தது என்று தெரியாது. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் முதலில் தயாராக இருக்கட்டும். நேரம் தினமும் கொஞ்சம் மாறும், அவர்களிடமே கேளுங்கள், குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். திறந்த உடனே மஃரிப் என்ற அந்தி நேரத் தொழுகையைத் தொழுவார்கள். ஒரு சுத்தமான விரிப்பும் கை கால் கழுவ இடமும் வேண்டும். சில வீடுகளில் ஆண்கள் பெண்களோடு கை குலுக்க மாட்டார்கள், அவர்கள் கை நீட்டினால் பார்த்துக்கொள்ளலாம். நாய்க்குட்டியை உள்ளறையில் விட்டுவிடுங்கள். எச்சில் துணியில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவ வேண்டியிருக்கும் என்று நிறையப் பேர் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும்விட, நான் சொன்னதை நம்புவதற்குப் பதிலாக அந்த அக்காவிடமே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வீடு மாறும் என்றுதான் என் தோழியும் சொன்னாள். கேட்டால் சந்தோஷப்படுவார்களாம்.

அம்மா (12:20)
சுவரில் சிலுவை இருக்கிறதே, அதை எடுத்துவைக்க வேண்டுமா?

சித்தி (12:26)
எடுக்க மாட்டேன் அக்கா. அது என் வீடு, நான் கிறிஸ்தவள் என்று அவர்களுக்குத் தெரியும். வேண்டுமானால் தொழ வேறு அறையைக் கொடுக்கிறேன்.

சித்தி (12:31)
இன்னொன்று. ஜெபக்கூட்டத்தில் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “நல்ல வாய்ப்பு, போகும்போது ஒரு சுவிசேஷத் துண்டுப்பிரதியைக் கையில் கொடுத்துவிடுங்கள்” என்றார். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. என் ஆண்டவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் நன்றி சொல்லக் கூப்பிட்டுவிட்டு அதற்குள் வேறொன்றை ஒளித்துவைத்தால் அந்தப் பெண் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அவள் வேதம் கொடுத்து என்னைக் கூப்பிடவில்லையே, துண்டை எடுத்துக்கொண்டுதானே ஓடிவந்தாள்.

பெரியப்பா (12:44)
கொடுக்காதே. கேட்டால் சொல், ஒளிக்காமல் சொல். 1219ல் சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்தபோது அசிசி பிரான்சிஸ் என்ற கிறிஸ்தவத் துறவி எகிப்தில் சுல்தான் அல் காமிலைப் பார்க்கப் போனார். ஆயுதம் இல்லாமல் எதிரிப் பாளையத்துக்குள் நடந்தே போனார். கிறிஸ்துவைப் பற்றி நேராகவே பேசினார். சுல்தான் மதம் மாறவில்லை. ஆனால் மரியாதையாகக் கேட்டு, பத்திரமாகத் திருப்பி அனுப்பிவைத்தார். சுற்றிலும் போர் நடக்கும்போது இது நடந்தது.

1 மார்ச் 2026, ஞாயிறு

சித்தி (இரவு 9:40)
இப்போதுதான் போனார்கள்.

அம்மா (9:40)
சொல்லு சொல்லு. காத்துக்கொண்டிருக்கிறேன்.

சித்தி (9:58)
வந்ததும் அந்தப் பெண் சமையலறைக்கே வந்துவிட்டாள், நான் உட்காரச் சொன்னால் கேட்டால்தானே. தட்டுகளை அவள்தான் எடுத்துவைத்தாள். பாங்கு நேரத்துக்கு அவர் போனில் சத்தம் வைத்திருந்தார். கடைசி இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. அவர்களுடைய மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், நோன்பு பிடிக்கிற வயசில்லை, ஆனாலும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா வாயில் போடுகிறவரை தானும் காத்திருந்தாள். அவர்கள் துஆ செய்தார்கள். இவரும் கண்ணை மூடி நம் வழக்கப்படி ஜெபித்தார். முடித்துவிட்டு நிமிர்ந்தால் பாய் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், தண்ணீரைத் தொடவில்லை. நோன்பு பிடித்தவர் அவர்.

அதற்கப்புறம்தான் அவள் கேட்டாள். “ஈசா நபியை அல்லாஹ் உயர்த்திக்கொண்டான் என்று நாங்கள் படிக்கிறோம், நீங்கள் சிலுவையில் மரித்தார் என்கிறீர்களே, ஏன் அது உங்களுக்கு அவ்வளவு முக்கியம்?” என்றாள். சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். என் பாவத்துக்காக மரித்தார், மூன்றாம் நாள் எழுந்தார், அதை எடுத்துவிட்டால் என் ஜெபத்துக்கே அடிப்படை இல்லை என்று சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அவள் கடைசிவரை கேட்டாள். “நாங்கள் அப்படி நம்பவில்லை அக்கா, ஆனால் நீங்கள் சொல்லும்போது எனக்குப் புரிந்தது” என்றாள். பிறகு நான் அவளிடம் கேட்டேன், ஒரு மாதம் பசித்திருப்பதில் எந்த நேரம் உனக்குக் கஷ்டம் என்று. பசி இல்லையாம். கோபத்தை அடக்குவதுதான் கஷ்டமாம். பிள்ளையைத் திட்டிவிட்டால் அந்த நாள் நோன்பே வீணாகிவிட்டது போல இருக்குமாம்.

மாமா (10:06)
இதை எனக்காகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறேன். அடுத்த முறை நான் அங்கே வரும்போது அவரைப் பார்க்க வேண்டும். கை கொடுத்து நன்றி சொல்ல வேண்டும்.

தம்பி (10:08)
போட்டோ எடுத்தீர்களா சித்தி?

சித்தி (10:15)
இல்லை தம்பி, தோன்றவே இல்லை. அந்தக் குட்டி சித்தப்பாவின் கட்டைத் தொட்டுப் பார்த்து “வலிக்கிறதா” என்று கேட்டபடியே சோபாவில் தூங்கிவிட்டது.

அம்மா (10:17)
தையல் எப்போது பிரிக்கிறார்கள்? நான் வரட்டுமா? வண்டிக்கு என்ன செய்வாய்?

சித்தி (10:21)
வியாழக்கிழமை அக்கா. நீ அலைய வேண்டாம். பாய் கிளம்பும்போது, “நான் கூட்டிக்கொண்டு போகிறேன்மா, காலை ஒன்பது மணிக்குத் தயாராக இருங்கள்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.