வளவுக்குக் கண்ணாடிக் கூரை போட்டு ஏசி வைத்தால் ரேடான் சேருமா?

பள்ளத்தூர் மெய்யம்மை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் வீடு வாங்கினான். பத்திரத்துக்கு முன்னால் நடந்த சோதனையில், நிலத்தடித் தளத்தில் ரேடான் என்ற கதிரியக்க வாயு லிட்டருக்கு 6 பிகோகியூரி இருப்பதாக வந்தது. விற்றவர் குழாயும் விசிறியும் வைத்துக் கொடுத்த பிறகே கையெழுத்துப் போட்டான். அது முதல் நம் ஊர்ச் செட்டிநாட்டு வீட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இரண்டாங்கட்டில் வெள்ளிச் சாமானும் பித்தளைப் பாத்திரங்களும் வைக்கிற நிலவறை இருக்கிறது. சன்னல் கிடையாது. கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவதால், வீட்டு நடுவில் வானம் பார்த்த வளவு முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டு, பட்டாலையை ஒட்டிய இரண்டு அறைகளுக்கு ஏசி வைக்க ஏற்பாடு நடக்கிறது. தரை ஆத்தங்குடிக் கல், தூண்கள் கருங்கல். கருங்கல்லிலிருந்து இந்த வாயு வரும் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். தூண்களை என்ன செய்வது? இங்கே இதைச் சோதிக்க வழி உண்டா?

தேவகோட்டை உமையாள்:

ஆச்சி, வீணாக மனத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் அப்பத்தாமார்கள் இதே வீடுகளில் பிறந்து வளர்ந்து தொண்ணூறு வயது வரை இருந்தார்கள். இதெல்லாம் குளிர் நாட்டுச் சங்கதி.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், காரைக்குடி:

மெய்யம்மை ஆச்சி, முதலில் தூண்களை மறந்துவிடுங்கள். கருங்கல்லிலும் இம்மியளவு யுரேனியம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரு வீட்டுக்குள் சேரும் ரேடானில் பெரும்பங்கு தரைக்கு அடியில் இருக்கும் மண்ணிலிருந்துதான் வருகிறது. மண்ணில் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதையும்போது ரேடான் பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை. அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 3.8 நாள். தரை விரிசலையும் குழாய் இறங்கும் துளையையும் தேடி மேலே வர அந்த அவகாசம் போதும். மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் படிவது பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களான பொலோனியம் போன்றவை. உலக அளவில் நுரையீரல் புற்றுநோய்களில் 3 முதல் 14 சதவீதம் வரை ரேடானால் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புகைபிடிப்பவர் வீட்டில் இருந்தால் அவருக்கு ஆபத்து பல மடங்கு.

உங்கள் மகன் இருக்கும் மாநிலத்தில் நடந்த ஒரு சம்பவத்தால்தான் வீட்டு ரேடான் அமெரிக்காவில் பரவலாகக் கவனத்துக்கு வந்தது. 1984-இல் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர், கதிர்வீச்சுக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் மணி அலறியது. அந்த நிலையம் அப்போது மின்சாரம் தயாரிக்கவே தொடங்கவில்லை. தேடிப் பார்த்தால், அவர் கதிரியக்கத்தைத் தம் வீட்டிலிருந்தே உடையில் சுமந்து வந்திருக்கிறார்.

உமையாள் ஆச்சி சொன்னதற்கு ஒரு வார்த்தை. அப்பத்தாமார்கள் இருந்த வீட்டுக்கு மேலே வானம் திறந்திருந்தது. சூடான காற்று முற்றத்தின் வழியே ஏற, முகப்பு வாசலிலிருந்து புதுக் காற்று உள்ளே வந்தபடி இருந்தது. நம் ஆட்கள் கட்டிய இந்த அமைப்பை நான் எவ்வளவு போற்றினாலும் தகும். அந்த வீட்டை வைத்து, கண்ணாடி மூடிய வீட்டுக்கு உறுதி சொல்ல முடியாது. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. கதவடைத்த அறையில் இரவு முழுவதும் குழந்தைகள் தூங்கப் போகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே வேலை தொடங்கும் முன்பு ஒரு முறையும், முடிந்த பின்பு ஒரு முறையும் அளந்துவிடுங்கள். சிறிய மின்னணு மீட்டர்கள் இணையத்தில் விற்கின்றன. மகனிடம் சொன்னால் வாங்கி வருவார். இன்னொரு வகை, சிறு கிண்ணத்துக்குள் பிளாஸ்டிக் படலம் வைத்தது. ரேடான் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள்கள் மோதிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தடம் விழும். மூன்று மாதம் கழித்து எடுத்துக் காரக் கரைசலில் இட்டு, நுண்ணோக்கியில் தடங்களை எண்ணுவார்கள். இதைச் செய்யும் ஆய்வாளர்கள் பல்கலைக்கழக இயற்பியல் துறைகளில் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

மகனின் அறிக்கையில் உள்ள 6 என்பதை 37-ஆல் பெருக்கினால், கதிரியக்கத்தை அளக்கும் இன்னொரு அலகான பெக்கரலில் 222, ஒரு கன மீட்டருக்கு. அங்கே 4 பிகோகியூரியை, அதாவது 148 பெக்கரலை எட்டினால் சரிசெய்யச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 100 பெக்கரலை வரம்பாகப் பரிந்துரைக்கிறது. அது இயலாத இடத்திலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது.

புதுவயல் கட்டடப் பொறியாளர்:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு கட்டட வேலை பற்றிச் சில. நம் வீடுகள் உயரமான மேடையில் நிற்பவை. மேடைக்குள் இருப்பது கொட்டி இறுக்கிய மண். அதன் மேல் சுண்ணாம்புக் கலவை, அதன் மேல் ஆத்தங்குடிக் கல். கல்லை மாற்றத் தேவையில்லை. சுவரும் தரையும் சேரும் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். பழைய வீடுகளில் அங்கே நகக்கண் நுழையும் அளவு இடைவெளி ஓடும். அதையும், குழாய் இறங்கும் துளைகளையும் சுரண்டிச் சுத்தம் செய்து, நெகிழ்ந்து கொடுக்கும் பூச்சால் அடைக்க வேண்டும். வெறும் சிமெண்ட் மறுபடியும் விரியும்.

கண்ணாடிக் கூரையைச் சுவரோடு ஒட்டாமல் ஓரடி தூக்கி, நான்கு பக்கமும் சாய்பலகை வைத்துவிட்டால் மழைச்சாரலும் வராது, காற்றும் போகும்.

நிலவறையில் எக்சாஸ்ட் ஃபேனை மட்டும் தனியாக வைத்துவிடாதீர்கள். அறைக் காற்றை வெளியே தள்ளும்போது அறையின் அழுத்தம் குறைந்து, மண்ணுக்குள் இருக்கும் வாயுவை இன்னும் இழுக்கும். வெளிக்காற்று தடையின்றி உள்ளே வரவும் வழி வேண்டும்.

பள்ளத்தூர் மெய்யம்மை:

இருவருக்கும் மிக்க நன்றி. மகன் வீட்டில் குழாயில் ஒரு சிறு கண்ணாடி வளைகுழல் இருக்கிறது, அதில் சிவப்பு நீர் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நிற்கிறது என்று படம் அனுப்பினான். அது பழுதா? இங்கே மீட்டரை எங்கே வைப்பது? நிலவறையிலா?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், காரைக்குடி:

பழுது இல்லை ஆச்சி, அப்படித்தான் நிற்க வேண்டும். தரைக்கு அடியிலிருந்து விசிறி வாயுவை இழுத்துக் கூரைக்கு மேலே விடுகிறது என்பதற்கு அதுவே சான்று. இரண்டு பக்கமும் சமமாக நின்றால்தான் விசிறி இழுக்கவில்லை என்று பொருள். அப்படியானால் உடனே ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மீட்டரைப் பிள்ளைகள் படுக்கப் போகும் அறையில் வையுங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில், சன்னலுக்கும் ஏசி காற்றுக்கும் விலகி இருக்கட்டும். சமையலறையும் குளியலறையும் வேண்டாம். நிலவறையில் எண் கூடுதலாக வந்தாலும், சாமான் எடுக்கப் போய்த் திரும்பும் சில நிமிடங்களுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே யாரும் உறங்குவதில்லையே. ஒரு நாள் ஏறும், மறுநாள் இறங்கும். அன்றாட எண்ணைப் பார்த்து மகனுக்குப் போன் செய்ய வேண்டாம். மூன்று மாதச் சராசரி 100-க்குக் கீழே இருந்தால் திட்டப்படி வேலையைத் தொடங்குங்கள். தாண்டினால், கண்ணாடிக்கு முன்பணம் கொடுப்பதை நிறுத்திவைத்துவிட்டு இங்கே எழுதுங்கள். பொறியாளரும் நானும் வந்து பார்க்கிறோம்.