பச்சை விளக்கு ஆத்தாவுக்காகக் காத்திருந்தது: உங்கள் சாலை அனுபவங்களையும் எழுதுங்கள்

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். மோட்டாருக்குக் 'காயில்', அதாவது கம்பிச் சுருள் கட்டுவது என் தொழில்.

சென்ற வைகாசியில் ஆத்தாவைச் சிங்கப்பூருக்கு, தம்பி வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். ஆத்தாவுக்கு 78 வயது. முழங்கால் வலி உண்டு. இங்கே செக்காலை ரோட்டைக் கடப்பதென்றால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பொறுப்பா, அந்த லாரி போய்விடட்டும்" என்பார். அது போனால் அடுத்து ஒரு பஸ் வரும். துணிந்து இறங்கினாலும் பாதி ரோட்டில் நின்றுவிடுவார். முன்னேயும் போக மாட்டார், பின்னேயும் வர மாட்டார்.

தம்பியின் அடுக்குமாடிக்கு எதிரே அகலமான சாலை. நடப்பவர்களுக்கான பச்சை மனித உருவ விளக்கு எரிந்து, மீதி நொடியைக் காட்டும் எண்கள் குறையத் தொடங்கியதுமே ஆத்தாவுக்குப் படபடப்பு வந்துவிடும். இரண்டு நாள் கடக்காமலே திரும்பி வந்தோம். மூன்றாம் நாள் காலையில் எங்களோடு ஒரு சீன மூதாட்டி நின்றிருந்தார். கையில் கீரை எட்டிப்பார்க்கும் பை. ஆத்தாவின் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அட்டையை எடுத்து, சிக்னல் கம்பத்தில் பொத்தானுக்கு மேலே இருந்த பெட்டியில் ஒற்றி எடுத்தார். பச்சை விழுந்தது. அன்று அது சீக்கிரம் அணையவில்லை. இருவரும் ஒருவர் நடைக்கு ஒருவர் ஒத்துப்போய்க் கடந்தார்கள். அந்தப் பக்கம் போனதும் ஆத்தா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அவரும் பையோடு கையைக் குவித்தார்.

தம்பி அன்று இரவு விளக்கினான். 'கிரீன் மேன் பிளஸ்' என்று பெயராம். 2009-இல் தொடங்கிய ஏற்பாடு. அந்த நாட்டு முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தங்களுக்குரிய அட்டையை ஒற்றினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 நொடி வரை கூடுதல் நேரம் கிடைக்கும். விருந்தாளியாகப் போன ஆத்தாவிடம் அந்த அட்டை இல்லை. அந்த அம்மாள் தனக்குரிய நொடிகளில் ஆத்தாவுக்கும் பங்கு கொடுத்திருக்கிறார்.

மறுநாள் அதே இடத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. வாகனங்கள் நிற்கும் கோட்டுக்குச் சற்று முன்னால், தாரைச் சதுரமாக அறுத்து மறுபடி அடைத்த தழும்பு. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது: உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறது. நான் நாள்தோறும் கட்டுகிற அதே சங்கதி. சுருளில் மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே வாகனத்தின் உலோகம் வந்து நின்றால் சுருளின் மின்தூண்டல் குறையும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதை வைத்து, 'இந்தப் பக்கம் வண்டி நிற்கிறது' என்று அறிந்துகொள்ளும். இப்படி ஒவ்வொரு சந்திப்பிலிருந்தும் வருகிற கணக்கைக் கொண்டுதான் சிங்கப்பூரின் 'கிளைடு' முறை பச்சை நேரத்தைப் பங்கிடுகிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான 'ஸ்காட்ஸ்' முறையை ஒட்டி அமைந்தது அது.

அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றேன். கம்பிச் சுருளுக்கு இரும்பு தெரியும். என் ஆத்தா அதன்மேல் ஒரு மணி நேரம் நின்றாலும் அதற்குத் தெரியாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, நடக்க முடியாதவர்களைப் பற்றித் தனியாக யோசித்ததால்தான் கம்பத்தில் அட்டையை ஒற்றும் அந்தப் பெட்டி வந்திருக்கிறது. நம் பக்கம் 'அறிவார்ந்த சிக்னல்' என்று பேச்செடுத்தாலே, எத்தனை வண்டி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதிலேயே நின்றுவிடுகிறோம். எங்கள் ஊர் கல்லுக்கட்டிப் பகுதியில் கூடையோடு கடக்கிற பெண்களை யார் எண்ணுகிறார்கள்? எனக்கு இதில் உண்மையாகவே ஆதங்கம் இருக்கிறது. உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்.

*

கானாடுகாத்தானிலிருந்து, வாடகைக் கார் ஓட்டுபவன்.

அண்ணே, நீங்கள் சொன்ன 'இரும்பு' எனக்கு ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக், அதாவது கட்டணத்தைத் தானாகக் கழிக்க வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் வில்லை, கட்டாயமானது அல்லவா? அதற்கு மறுமாதம், திருச்சி விமானத்தைப் பிடிக்க வேண்டிய ஒரு ஆச்சியை ஏற்றிக்கொண்டு போனேன். சாவடியில் தடுப்புக் கட்டை எழும்பவே இல்லை. கணக்கில் பணம் இருக்கிறது. பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஒலியெழுப்புகின்றன. ஆச்சி ஒரு வார்த்தை பேசாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரட்டைக் கட்டணம் கட்டித்தான் போனேன்.

திரும்பி வரும்போது அங்கே வேலை பார்க்கும் ஒரு தம்பி கையில் பிடிக்கும் கருவியோடு வந்து பார்த்தார். ஒட்டுவில்லையை ஒட்டியே, கண்ணாடியில் நான் பதித்திருந்த பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரின் பித்தளைத் தகட்டைக் காட்டினார். வில்லைக்குள் பேட்டரி கிடையாதாம். மேலே இருக்கும் கருவி அனுப்புகிற ரேடியோ அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லுமாம். பக்கத்தில் உலோகம் இருந்தால் அலை தடுமாறும். பிள்ளையாரை முன்பலகைக்கு மாற்றினேன். அதன்பின் தடங்கல் இல்லை. வில்லையைக் கொடுத்த அன்றே இதை இரண்டு வரியில் சொல்லியிருந்தால் அந்த ஆச்சி பதறியிருக்க மாட்டார். கருவியை மட்டும் கையில் கொடுத்தால் போதுமா?

*

கண்டனூரிலிருந்து.

தைப்பூசத்துக்குப் பழநி நடைப்பயணத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஆண்டுதோறும் போகிறோம். குன்றக்குடி தாண்டி சிங்கம்புணரி, நத்தம் வழியாக. வெயிலுக்குப் பயந்து இருட்டில்தான் அதிகம் நடப்போம். முதுகுப்பையில் ஒளிரும் ஒட்டுப்பட்டை, வண்டியில் சிவப்பு விளக்கு, இவ்வளவுதான் எங்கள் பாதுகாப்பு. ஒரு முறை பெரியப்பா பின்தங்கிவிட்டார். புறப்படும்போதே அவர் செல்பேசியில் இருப்பிடத்தைப் பகிரும்படி வைத்திருந்தேன். திரையில் அந்த நீலப் புள்ளி அசையாமல் நின்றது. திரும்பிப் போய்ப் பார்த்தால், ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து கால் கொப்புளத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்தப் புள்ளி எனக்குத் தெரிந்தது. எதிரே வருகிற லாரிக்காரருக்குத் தெரியவில்லை. காவடி எந்த இடத்தில் வருகிறது என்பதை, இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே ஓட்டுநருக்குச் சொல்லும் மின்பலகை ஒன்று வேண்டும். வண்டியில் வைத்து நகர்த்திக்கொண்டு போய் நிறுத்துகிற மாதிரி இருந்தால் ஒன்றே போதும்.

*

மீண்டும் காரைக்குடியிலிருந்து.

இருவருக்கும் நன்றி. நேற்று கொப்புடையம்மன் கோவிலுக்குப் போகும்போது கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். ரோட்டில் வண்டியே இல்லாத நேரத்தில், ஓரத்திலிருந்து ஓரம் வரை போக ஆத்தாவுக்கு 24 நொடி பிடிக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எத்தனை நொடி பிடிக்கிறது, எந்த இடத்தில் என்று எண்ணி எழுதுங்கள். எழுதி வைத்து நகராட்சிக் காலத்திலிருந்தே தெரிந்த ஒரு பொறியாளரிடம் கொண்டுபோகப் போகிறேன்.