செய்வினைத் தேசிக்காயும் மேடை மஜிக்கும்: இரண்டும் ஒரே வித்தையா?

உப்புவெளியான்:
அம்மாவுக்குச் செய்வினை இருப்பதாகச் சொல்லிக் கழிப்புக் கழிக்க வந்தவர், அவருடைய தலையைச் சுற்றித் தேசிக்காயை வெட்டியபோது, இரத்தம் போலச் சிவந்த சாறு வடிந்ததை அருகில் நின்று பார்த்தேன். பின்னர் நூலில் கட்டிய மோதிரத்தை அம்மாவிடமே கொடுத்துக் கேள்வி கேட்டார். அம்மா கையை அசைக்காமலே மோதிரம் வட்டமிட்டது. இரு வாரங்களின் பின் திருகோணமலை நகரில் நடந்த ஒரு மெண்டலிச (மனத்தை வாசிப்பதுபோல் காட்டும் மேடை வித்தை) நிகழ்ச்சியிலும் மோதிரம் அவ்வாறே சுழன்றது. இரண்டும் ஒன்றுதானா?

இரசாயனம் படிப்பிப்பவர்:
தம்பி, தேசிக்காயை விட்டுக் கத்தியைக் கவனியுங்கள். செவ்வரத்தம்பூச் சாறு பூசி உலர்த்திய கத்தியில் புளிச்சாறு பட்டதும் சிவப்பு வரும். மோதிரத்தின் சங்கதி இதைவிட நுட்பமானது. பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரல் இத்தகைய ஊசலைத் தாமே பிடித்துச் சோதித்து, கண்ணைக் கட்டிக்கொண்டால் அசைவு நின்றுவிடுவதை 1833இல் எழுதினார். எண்ணமே நாம் அறியாமல் தசையை மெல்ல இயக்குகிறது என்று 1852இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் வில்லியம் கார்பெண்டர் விளக்கினார். உங்கள் அம்மா பொய் சொல்லவில்லை. அவருடைய அச்சம்தான் விரல் வழியே இறங்கி மோதிரத்தைச் சுழற்றியது.

நிலாவெளி வாசகர்:
வித்தை ஒன்றுதான், ஆனால் மேடையில் இருப்பவர் ஏமாறுவதற்கு நம்மிடம் சம்மதம் வாங்கிவிடுகிறார், வீட்டுக்கு வந்தவர் வாங்கவில்லை. அமெரிக்காவில் 1848இல் ஆவிகள் தட்டிப் பேசுவதாக ஊரை நம்பவைத்த பொக்ஸ் சகோதரிகளில் ஒருவரான மார்கரெட், 1888இல் மேடையேறி, தம் கால்விரல் மூட்டைச் சொடுக்கியே அந்த ஒலியை எழுப்பிக் காட்டினார். நம் நாட்டில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றில்லாமல் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் பெறவில்லை.

பத்திரகாளி அடியாள்:
கோவில் நேர்த்தியையும் இதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். நான் அம்பாளிடம் அழும்போது அங்கே கத்தியும் இல்லை, மோதிரமும் இல்லை. தன் துயரத்தைச் சொல்ல ஓரிடம் தேடியவரைப் பயமுறுத்திப் பணம் பறித்ததே குற்றம். உங்கள் அம்மாவிடம் பேசும்போது இதை மறவாதீர்கள்.

உப்புவெளியான்:
ஆசிரியர் சொன்னவாறு நேற்றுக் கத்தியில் பூச்சாற்றைத் தேய்த்து உலர்த்தி, அம்மாவின் முன்னால் தேசிக்காயை வெட்டினேன். அதே சிவப்பு வந்தது. நெடுநேரம் அதைப் பார்த்திருந்தவர், கழிப்புக் கழித்தவர் கொடுத்துத் தலையணைக்கடியில் வைத்திருந்த செப்புத்தகட்டை எடுத்து என்னிடம் தந்தார். கையில் கட்டிய நூலை மட்டும் இன்னும் அவிழ்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.